மலையில் கொதிக்காத வண்டி

கார் விற்கும் தொழிலில் உளறுகிறவன் பிழைத்துக்கொள்வான், விளக்குகிறவன்தான் மாட்டிக்கொள்வான். நான் விளக்குகிறவன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்து, எந்தக் கல்லூரியும் கூப்பிடாததால் கார் விற்கப் போனவன். நாம் பேசப் பேச எதிரே நிற்பவரின் முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்து நொந்திருக்கும் சக விற்பனையாளர்களே, இது உங்களுக்காக.

தாராளமயம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். கோயம்புத்தூர் டீலர் ஒருவர் குன்னூரில் ஒரு கிளை திறந்தார். விற்றது ஒரு ஜப்பான் கம்பெனியின் வண்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். தறி செய்யத் தொடங்கிக் கார் செய்வதில் முடிந்த கம்பெனி என்று மட்டும் சொல்லலாம். ஜப்பானில் அப்படி ஒன்றுக்கு மேல் உண்டு என்பதால் ரகசியம் பத்திரமாக இருக்கும்.

கிளையில் விற்பனைக்கு நான், ரிப்பேருக்குப் பீட்டர். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கோடை சீசன் முடிவதற்குள் குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் எங்கள் வேன் ஒன்றாவது நிற்க வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் மழை, ஸ்டாண்டுதான் கிணறு என்பார். கிணறு ஊறாவிட்டால் கிளைக்குப் பூட்டு. இரண்டு பேரும் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியதுதான். நான் தனிக்கட்டை. எனக்கு எந்த ஊரிலும் ஒரு கயிற்றில் இரண்டு சட்டை காயும். பீட்டருக்கு அப்படியில்லை. மனைவி ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் அங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. முதலாளி ஜீப் ஏறிப் போனதும் பீட்டர் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்:

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் அப்பனா இருக்கறதுக்கு எனக்குத் தெரியாதுங்க சார்."

சரித்திரம் விற்றது

வாங்குகிறவருக்கு நம்பிக்கை வேண்டும், நம்பிக்கை சரித்திரத்திலிருந்து வரும் என்று நான் நினைத்திருந்த காலம். முதலில் வந்தவர் அருவங்காடு ஃபேக்டரியில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற துரைசாமி. கதவைத் திறந்தார், மூடினார், காதை வைத்துக் கேட்டார். டயரை உதைக்காத முதல் வாடிக்கையாளர். இவர்தான் என் ஆள் என்று தீர்மானித்து ஆரம்பித்தேன்.

பருத்தி விளையும் ஊரில் பிறந்த ஒரு தச்சர், தன் தாயாருக்காக ஒரு தறி செய்கிறார். அது நன்றாக ஓடுகிறது; அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள்; கம்பெனி பிறக்கிறது. உலகப் போருக்குப் பிறகு துணிச் சந்தை விழுகிறது. கம்பெனி அசரவில்லை. சைக்கிளுக்கு ஒரு சின்ன மோட்டார் பூட்டி விற்கிறது. அது மோட்டார் சைக்கிளாகி, பிறகு காராகி, இதோ குன்னூரில் நம் முன்னால் நிற்கிறது. சொல்லி முடித்தபோது எனக்கே கண் லேசாகக் கலங்கியது. துரைசாமி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க, தறி ஓடலைன்னதும் தறிய விட்டவங்க, நாளைக்குக் கார் ஓடலைன்னா காரையும் விட்டுருவாங்களே, அப்ப பார்ட்ஸுக்கு நான் எங்கீங்க போறது?"

முன் சீட்டு

எங்கள் வேனுக்கு மூக்கு கிடையாது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஜப்பானில் தெருக்கள் குறுகல். இவ்வளவு நீளத்துக்குள், இவ்வளவு சின்ன எஞ்சினோடு வண்டி இருந்தால்தான் வரிச் சலுகை. எனவே மூக்கை அறுத்துவிட்டார்கள். எஞ்சின் ஓட ஓடச் சீட்டு சூடாகும். சமவெளியில் இது பெரிய புகார். வாடிக்கையாளர் முறையிட்டால் என்ன பதில் சொல்லலாம் என்று கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார்கள்.

சாரலும் மூடுபனியுமாக இருந்த ஒரு நாள், ரோசலின் டீச்சர் வண்டி பார்க்க வந்தார். சர்ச் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி. டெஸ்ட் டிரைவுக்கு முன் சீட்டில் உட்கார வைத்தோம். சிம்ஸ் பூங்கா வரை போய்த் திரும்பினோம். நான் வகுப்பில் கற்ற சமாதானத்தைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன். டீச்சர் புகாரே சொல்லவில்லை. இறங்கவும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பீட்டர் சாவியைத் திருப்பி அணைக்கப் போனார். டீச்சர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"வண்டி நகர வேண்டாம் தம்பி. எஞ்சின் மட்டும் ஓடட்டும்."

டீச்சர் வாங்கினார். ஆனால் அது மழைக் கணக்கு; கிணற்றுக் கணக்கில் சேராது.

கேரட்டுக்கு ஒரு வண்டி

கேத்தியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். எட்டுப் பேர் உட்காரலாம் என்று விளக்கினேன். பின் சீட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். நடுச் சீட்டையும் கழற்றச் சொன்னார். அதையும் கழற்றினோம். வெளியே நின்ற ஆளைக் கூப்பிட்டு, கொண்டு வந்திருந்த கேரட் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "குடும்பத்தோட கோயிலுக்குப் போகணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க பஸ்ஸுல போயிக்குவோம். கேரட்டு ஏறினா கண்டக்டர் திட்டறானுங்களே."

கைப்பிடி

நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வண்டியைக் காட்டப் போனோம். ஹெட் கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எடை குறைவாக இருப்பது ஏன் நல்லது என்று நான் விளக்கிக்கொண்டே ஓட்டியதில், பின்சக்கரம் தேயிலைக்கு ஓரமாக ஓடிய காண் என்னும் வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. ஹெட் கிளார்க் டிராக்டருக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசித்தார். அதற்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகினார்கள். ஒரு சத்தம், ஒரு தூக்கு, வண்டியின் பின்பக்கம் காணைவிட்டு ரோட்டில் உட்கார்ந்தது.

எடை குறைவின் பெருமையை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை. நான் ஹெட் கிளார்க்கைப் பெருமிதத்தோடு பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். பெண்களில் மூத்தவர், இலங்கையிலிருந்து வந்த தெய்வானையம்மா, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, இதுக்கு மேலால ஒரு கைப்பிடி வச்சுத் தாங்க. லயத்து வீட்டுக்குப் போறப்ப நாங்களே தூக்கிக்கிட்டுப் போயிடுறோம்."

போஜண்ணனின் ஆட்சேபம்

சீசன் தொடங்கிவிட்டது. ஸ்டாண்டில் ஒருவரும் அசையவில்லை. அங்கே போஜண்ணன் தலையாட்டினால் எல்லோரும் ஆட்டுவார்கள். படுகர், நிதானமான மனிதர், பழைய கனத்த டீசல் கார் ஒன்று வைத்திருந்தார். நானும் பீட்டரும் போனோம். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"அண்ணே, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ஏறினாலும் எங்க வண்டி கொதிக்காது."

"தெரியுங்க சார். அதனாலதான் வேண்டாங்கறேன்."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். போஜண்ணன் சிரிக்கவில்லை. விளக்கினார், என்னைவிட நன்றாக விளக்கினார். மலை ஏறும் பழைய வண்டிகள் எல்லாம் பர்லியாறு பக்கம் கொதிக்கும். பானட்டைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை நிறுத்த வேண்டும். வளைவுகளில் தலை சுற்றி வந்த சனம் அந்த நேரத்தில் இறங்கி, காற்று வாங்கி, எலுமிச்சம்பழம் முகர்ந்து, மனிதர்களாகி ஏறும். வண்டி கொதிக்கவில்லை என்றால் நிறுத்தக் காரணமில்லை.

"சும்மாவே நிறுத்த வேண்டியதுதானே?" என்றேன்.

"சும்மா நிறுத்தினா டீக்கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கறான்னு சொல்லுவாங்க. வாந்தி வருதுன்னு வாயத் தொறந்து கேக்கவும் கௌரவம் விடாது. எஞ்சின் கேட்டா மட்டும் யாரும் தப்பா நெனைக்கறதில்லை."

இதற்குப் பதில் எங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லை. பீட்டர்தான் கெஞ்சாத குரலில் கேட்டார், ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று. போஜண்ணன் பீட்டர் பக்கம் திரும்பினார். ஸ்டெல்லா விஷயம் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

"உனக்காக ஒரு நடை ஓட்டறேன் பீட்டரு. இவரு வாயைத் தொறக்காம வரணும்."

ஊசி

விருதுநகர் மிளகாய் வியாபாரி ஒருவர் ஒவ்வொரு கோடைக்கும் குடும்பத்தோடு வருவார். போஜண்ணனின் பழைய வாடிக்கை. இந்த முறை வாடகை வேண்டாம், புது வண்டியில் வாங்க என்று அவரை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டோம். வியாபாரி முன்னால், மனைவி, மச்சினி, இரண்டு மகள்கள் நடுவில், கடைசியில் பெட்டிகளோடு நான். புறப்படுமுன் போஜண்ணன் பழக்க தோஷத்தில் தன் தண்ணீர்க் கேனை என் காலடியில் வைத்தார். இந்த வண்டிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிபந்தனை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. வெப்பம் காட்டும் ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது. பர்லியாறு வந்தது, வழக்கமாக நிற்கும் கார்கள் நின்றன, நாங்கள் கடந்து போனோம். பழக்கடைக்காரர் கையில் எடுத்த பலாச்சுளையோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுச் சீட்டில் மகள்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மச்சினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வியாபாரியின் பின்கழுத்து நான் பார்க்கப் பார்க்க வெளுத்தது. அடுத்த வளைவில் அவர் மெல்லக் கேட்டார்.

"ஏப்பா போஜா, இது எப்பப்பா கொதிக்கும்?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். "கொதிக்கவே கொதிக்காதுங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியில் போஜண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கிளை மூடப்பட்டு, நான் கோயம்புத்தூரில் இருந்தேன். பீட்டரும் அங்கே என் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த திருப்பத்தில் அதே ஸ்டாண்டைச் சேர்ந்த ரஹீம் பாயின் பழைய கார் பானட்டைத் திறந்து வைத்துப் புகைந்துகொண்டு நின்றது. பக்கத்தில் தண்ணீர் வசதியும் இல்லை. போஜண்ணன் யோசிக்கவேயில்லை, கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கொதித்து நிற்கும் கூட்டாளியைக் கடந்து போவது ஸ்டாண்டில் இல்லாத வழக்கம். கேனைத் தூக்கிக்கொண்டு போனார். வியாபாரி குடும்பம் இறங்கியது. ஓரக் கட்டையில் உட்கார்ந்தார்கள். மச்சினி பாறைக்குப் பின்னால் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பி வந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தேன்; என் சாதனை நேரம் ரஹீம் பாயின் ரேடியேட்டரில் ஆவியாகிக்கொண்டிருந்தது. வியாபாரியோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் குவளை பிடிக்கப் போய்விட்டார். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. எல்லோரும் ஏறியதும் மனைவியிடம் சத்தமாகச் சொன்னார், "பாத்தியா, தன் வண்டி நல்லா இருக்குன்னு திமிரா போகாம, அடுத்தவனுக்கு நின்னு ஊத்துறான். இவன் மனுசன்."

குன்னூர் வரை ஒருவர் முகமும் வாடவில்லை. பெட்டிகளை இறக்கி முடித்ததும் போஜண்ணன் காலிக் கேனைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எழுதிக்கங்க சார், ஒரு வண்டி. எங்க ஊசி ஏறாட்டிப் போகுது, மத்தவங்க ஊசி ஏறுமில்ல?"

கொஞ்சம் மெதுவாக

கிளை பிழைத்தது. முதலாளி ஸ்வீட் அனுப்பினார். பீட்டர் அன்று மத்தியானமே ஸ்கூட்டரில் அருவங்காட்டுக்குப் போய், ஃபேக்டரி கேட்டில் ஸ்டெல்லாவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார். போஜண்ணன் வாங்கிய பிறகு ஸ்டாண்டில் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஒன்றையும் விளக்கவில்லை. ஒருவேளை அதனாலேயே வந்திருக்கலாம்.

அடுத்த சீசனில் ஒரு காலை போஜண்ணன் ஷோரூமுக்கு வந்தார். பீட்டர் கொடுத்த டீயை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏதாவது கோளாறா என்று பதறினேன்.

"வண்டியில ஒண்ணுமில்லைங்க. நேத்து கேன் நிறையத் தண்ணியோட கல்லாறுல இருந்து ஏறினேன். ரோடு நெடுக நம்ம ஸ்டாண்டு வேனுங்கதான். ஒரு பானட்டு தொறந்திருக்கணுமே, கிடையாது. சனம் மொத்தமும் ஜன்னல்ல தொங்குது. கேத்திக் கவுண்டரம்மா ஒருத்தங்க என் சட்டையிலயே வாந்தி எடுத்துட்டாங்க."

"அடப்பாவமே. நான் என்ன செய்யணும்ணே?"

"ரஹீம் பாய் நேத்து சவாரி வரலை. இந்த வாரம் இங்க வருவான், வேன் புக் பண்ண."

"வரட்டுமே. நல்ல விஷயம்தானே?"

போஜண்ணன் டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு மட்டும் வித்துடாதீங்க சார். எங்க எல்லாருக்குமாச் சேத்து இப்ப அவன் ஒருத்தன்தான் கொதிக்கறான்."

குறையே இல்லாத வண்டி செய்ய ஜப்பான்காரர்கள் ஒரு தலைமுறை பாடுபட்டார்கள் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஊருக்கு ஒரு குறையுள்ள வண்டியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லக் குன்னூரிலிருந்து யாரையும் அனுப்பாமல் விட்டோம்.