ஒப்பாரி போலக் கேட்ட பாராட்டு

ஈப்போ மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால், கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணியின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. என் கணவர் அங்கே கணக்கு எழுதும் கிராணி. மகளுக்கு எட்டு மாதம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அவளை அஞ்சலையிடம் விட்டுப் பழக்கியிருந்தேன். வேறு யார் தூக்கினாலும் அழுவாள். அஞ்சலை இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை.

முதல் நாள், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு. அஞ்சலையைத் தலைமை ஆயாவாக்குவதாகச் சொல்லி, துரைசாணி அவள் குணங்களை ஆங்கிலத்தில் அடுக்கினார். ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாதென்று நானும் அடுக்கினேன்.

"அஞ்சலை பொறுமைசாலி. அன்பே உருவானவள். நேர்மையானவள். தன்னலம் இல்லாதவள்."

பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னடி இது, உசுரோட நிக்கிறவளுக்கு ஒப்பாரி வைக்கிறாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரின் குணங்களை இப்படி வரிசையாகச் சொல்வது சாவு வீட்டில்தான்.

அஞ்சலையின் முகம் சிறுத்துவிட்டது. "ஏன் கிராணியம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்? காலங்காத்தால இது என்ன பேச்சு? எனக்கு இந்த ஆயா வேலையே வேணாம். நாளைலருந்து ரப்பர் மரத்துல பால்வெட்டப் போறேன்."

என்ன தகராறு என்று துரைசாணி கேட்டார். விளக்கிவிட்டு, "குணங்களின் பெயரை விட்டு, அவள் செய்வதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வரம்பு மீறுகிறேனோ என்ற பயம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, கொட்டகையில் தான் கண்டதைச் சொன்னார்; நான் தமிழில் சொன்னேன்.

"நாலு பிள்ள ஒண்ணா கத்துனாலும் அஞ்சலையக்கா குரல் ஒசராதாம். பிள்ளைங்க பால்ல ஒரு சொட்டு அவங்க தேத்தண்ணிக்குப் போகாதாம். பிள்ளைங்க வயிறு நெறையாம அவங்க வாயில சோறு வச்சதில்லையாம்."

"அது நெசந்தான்," என்றாள் பின்வரிசைக்காரி. "புருசன்கிட்ட மட்டும் அந்தக் குரல் மூணு லயத்துக்குக் கேக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போடி! நாளைக்கு ஒன் புள்ளயத் தூக்கிக்கிட்டு கொட்டகைக்குத்தானே வருவே? அப்ப வச்சுக்கிறேன்!"

'நாளைக்குக் கொட்டகைக்கு' என்று அவள் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

ஆனாலும், நான்கு குணங்களில் அன்பு மட்டும் விட்டுப்போயிற்றோ என்று அன்று முழுவதும் மனம் அரித்தது. மாலையில் கொட்டகைக்குப் போனேன். மகள் அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வர மறுத்தாள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒருவரின் குணத்தைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால், அவர் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள். அதைச் சொன்னால் போதும், குணத்துக்குக் கேட்பவர்களே பெயர் வைத்துக்கொள்வார்கள்.