பொன்னுதுரை வீட்டு ரேடியோவுக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னுதுரைக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், சீனன் கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு ஹொக்கியனும் தெரியும். ஆனால் "முடியாது" என்கிற வார்த்தை மட்டும் எந்த மொழியிலும் அவன் வாயில் வராது. ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்குப் பிறந்து, மலாக்கா டவுனுக்கு வந்து, தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு டிரைவரானவன். நடுரோட்டில் யார் கை காட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வான். பிறகு நேரமாகிவிட்டதென்று ஆபீஸில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பான். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். பெண்டாட்டி கோகிலா மட்டும், "ஊருக்கு நல்ல மனுஷன்தான். வீட்டுக்கு எப்ப ஆவாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள்.

அவள் வாய் அப்படி. கால்தான் இல்லை. ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காலையும் முடக்கிப் போட்டுவிட்டது. காஜா பேராங் தெருவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு ஜன்னலோரக் கட்டிலே அவளுக்கு எல்லாம். காலையில் பக்கத்து வீட்டு ஜெயா வந்து பசியாற வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அப்புறம் புருஷன் திரும்பும்வரை அவளோடு பேசுவது தலைமாட்டு ரேடியோ ஒன்றுதான். தமிழ்ச் செய்தி வாசிப்பவர் ஒன்று சொன்னால் இவள் திருப்பி ஒன்று சொல்வாள். பாட்டு பிடிக்கவில்லையென்றால் வைவாள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் செய்த மரப்பெட்டி அது. அது போனால் இன்னொன்று வாங்க வக்கில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்தது. கொடியேறி, தோரணம்கூட இன்னும் அவிழ்க்காத வாரத்தில், கோலாலம்பூரில் பெரிய பந்து விளையாட்டு. தெருவே பைத்தியமாகத் திரிந்தது. "பொன்னுதுரை, உங்க வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் வெளிய வச்சா நாங்களும் கேப்போமே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். "அதுக்கென்ன, வாங்க வாங்க!" என்றுவிட்டான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டியின் குரல் கட்டிலைத் தாண்டாது என்பது ஞாபகம் வந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவனுக்கும் ஆசை இருந்தது. பந்தை உதைக்கிற சத்தம் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும் என்று ஆசை. லீவு நாளில் காயலான் கடைக்குப் போனான். மூடிப்போன ஒரு படக்கொட்டகையின் பெரிய ஸ்பீக்கரும், பட்டாளத்து ரேடியோவிலிருந்து கழற்றிய, சத்தத்தைக் கூட்டும் தடித்த வால்வும் மலிவாகக் கிடைத்தன. கடைக்கார ஆ செங் வால்வைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே மலாயில் சொன்னான்: "வண்டியைப் பெருசாக்கிட்டே, மாடு அதே மாடு. டிரான்ஸ்பார்மரையும் மாத்து. இல்லாட்டி சூடேறிச் செத்துப்போகும்." டிரான்ஸ்பார்மருக்குக் கையில் வழியில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தபோது கோகிலா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பொழைச்சு வருமா?"

"ஒண்ணும் ஆகாது புள்ள."

"உங்களுக்குப் பந்து ஒரு நாள் கூத்து. எனக்கு அது தினப்படி சோறு. பாத்துக்குங்க."

"என் மேல சத்தியமா ஒண்ணும் ஆகாது" என்றான். ஆ செங் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

வேலை என்னவோ நன்றாகத்தான் அமைந்தது. பெட்டி சிங்கமாகக் கத்தியது. ஆனால் ஆ செங் சொன்னது பொய்யில்லை, டிரான்ஸ்பார்மர் கொதித்தது. முதுகுப் பலகையைக் கழற்றிப் போட்டுக் காற்று விட்டால் கை பொறுக்கிற சூட்டில் நின்றது. முதுகை மூடாமல் வைத்தால் ஒரு ஆட்டம் தாங்கும் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரிதான். ஜனங்களை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆட்டத்தன்று சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே மேசை போட்டு, முகம் தெருவுக்கும் திறந்த முதுகு ஜன்னலுக்குமாகப் பெட்டியை வைத்தான். பாயும் முக்காலியுமாகத் தெரு நிறைந்துவிட்டது. பழைய மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான செட்டி கம்போங்கிலிருந்து சின்னப்பாகூட வந்துவிட்டார். தமிழை மறந்து எத்தனையோ தலைமுறையான கூட்டம், மலாயில்தான் பேசுவார், ஆனால் பந்துக்கு முதல் ஆள். கடைசியாக துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருக்கும் சேதுராமன் ஐயா ஆளோடு வந்து இறங்கினார். ஆள் கையில் மாலை, ஐயா கையில் சரிகைப் பொன்னாடை.

"நம்ம பையன் ஒருத்தன் நம்ம தெருவுக்கு இவ்வளவு செய்யறான். சும்மா இருக்கலாமா?" என்று பொன்னாடையை விரித்தார்.

பொன்னுதுரைக்கு வெட்கம் பிடுங்கியது. இரண்டடி பின்வாங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் சொல்வதைச் சொல்லித் தொலைத்தான். "எனக்கெதுக்குங்கய்யா? மரியாதையெல்லாம் ரேடியோவுக்குத்தான் சேரணும்."

"அட, அதுவும் சரிதான்!" என்றார் ஐயா. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள், மாலை போட்டார்கள். பொன்னாடையைத் தலையோடு போர்த்திப் பின்பக்கம் நன்றாக இழுத்துவிட்டார்கள். திறந்திருந்த முதுகு முழுக்க மூடிப்போயிற்று. ஜனம் கைதட்டியது.

ஐயோ, இனிக் காற்று எங்கே போகும்? போட்ட பொன்னாடையைப் போட்டவர் கண்முன்னால் உருவுகிறதா? அதுவும் அவன் வாயாலேயே கேட்டு வாங்கினது!

ஆட்டம் ஆரம்பித்தது. பந்தை உதைக்கிற சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கத்தான் செய்தது, அவன் காதில்தான் விழவில்லை. ஸ்டேஷன் முள்ளைத் திருப்புகிற சாக்கில் எழுந்துபோய்த் துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கினான். "இருக்கட்டும் தம்பி, இருக்கட்டும். அழகா இருக்கு" என்று ஐயா எழுந்து வந்து தானே சரிசெய்துவிட்டுப் போனார். பொன்னுதுரை சிரித்தான். சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாழாய்ப்போன சிரிப்பு! இரண்டாம் பாதி தொடங்கியபோது பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தான். மரமே சுட்டது. இப்போது எழுந்திருக்கலாம், இந்த அடி முடியட்டும், இந்த மூலைப் பந்து முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான்.

ஜன்னலுக்குள்ளிருந்து கோகிலா கூப்பிட்டாள். "ஏங்க, மெழுகு உருகற மாதிரி வாசனை வருது."

தெருவே திரும்பி அவனைப் பார்த்தது. ஐயாவும் பார்த்தார்.

"சூட வாசனை புள்ள. அப்பவே காட்டினாங்கல்ல?" என்றான்.

"சூடம் எனக்குத் தெரியாதா? இது வேற. அந்தத் துணியை எடுங்க."

"எடுக்கறேன், எடுக்கறேன்" என்றான். அந்த நேரம் பார்த்து நம் பையன்கள் பந்தை இழுத்துக்கொண்டு எதிரியின் கோலுக்குப் பாய்ந்தார்கள். வர்ணனைக்காரர் மூச்சுவிடாமல் கத்தினார். தெரு எழுந்து நின்றது. கோல்! சின்னப்பா மலாயில் கூவிக்கொண்டு பொன்னுதுரையைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கூச்சலுக்குள்ளேயே பெட்டி ஒரு தரம் உறுமி, கருகின நாற்றத்தோடு அடங்கிப்போயிற்று.

அப்போதுதான் அவனுக்குக் கை வந்தது. ஓடிப்போய்க் கரண்டுச் சொருகியைப் பிடுங்கினான், பொன்னாடையை உருவி எறிந்தான். டிரான்ஸ்பார்மருக்குள் இருந்த மெழுகு கறுத்து மேசையில் ஒழுகியிருந்தது.

"போனாப் போகுது, கோலைக் கேட்டாச்சே!" என்றார்கள். முதுகில் தட்டினார்கள். மிச்ச ஆட்டத்தைக் கேட்கக் காப்பிக் கடைக்கு நடந்தார்கள். ஐயா போகும்போது, "நல்ல காரியம் செஞ்சே தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

பொன்னுதுரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். வழக்கமான இடத்தில், அவள் தலைமாட்டில் வைத்தான். திட்டுவாள் என்று காத்து நின்றான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"நாளைக்கே ஆ செங்கைப் போய்ப் பாக்கறேன்" என்றான்.

"ம்."

"எல்லாரும் இருந்தாங்க புள்ள. பெரிய மனுஷர் போட்டது. எப்படி எடுக்கறது?"

கோகிலா போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எழுந்து நிக்க எனக்குக் காலு இருந்திருந்தா நான் எடுத்திருப்பேன்" என்றாள். "உங்களுக்கு இருந்துச்சே."