கோழிக்கால் குடிசையும் அத்தையின் ஒரு வரியும்

சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து எங்களைக் கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பத்துபஸ்திப் பகுதியில் ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை என நால்வர் இருந்தோம். அத்தையின் கணவரான மாமாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன இடத்திலிருந்து அவர் திரும்பவில்லை.

அத்தை பாட்டுக் கட்டுகிறவர். சிலோன் மலைத்தோட்டத்தில் அவருடைய தாயார் தொடங்கிய மாரியம்மன் பாட்டு அது. ஆடித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுவரி சேர்க்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த சொத்து அந்தப் பாட்டு ஒன்றுதான். அந்த வருடம் ஆடி நெருங்கியும் அத்தை புதுவரி கட்டவில்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார்.

"ஆத்தா நம்மளப் பாக்கலயே தம்பி. பாக்காதவளுக்கு என்ன பாட்டு?" என்று சொல்லிவிட்டு அத்தை அரிசி களையப் போய்விட்டார். சாமிப் படத்துக்கு அவர் விளக்கேற்றுவதும் நின்றிருந்தது. அம்மாதான் ஏற்றினாள்.

நிவாரண மூட்டைகள் மெயின்லேண்டிலிருந்து வந்துகொண்டே இருந்தன. எங்களுக்குக் கிடைத்ததில் பாதி கம்பளிச் சட்டை. வேர்த்து வடிகிற ஊரில் அதை என்ன செய்வது? அம்மா அதை மடித்துத் தலையணையாக்கினாள். அந்தக் கம்பளிக்குள் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடந்தது. தமிழில் மொழிபெயர்த்த ரஷ்ய நாட்டுக் கதைகள். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கு நான் மாலையில் வாசித்துக் காட்டுவேன்.

பனி, ஓநாய், அடுப்பின் மேல் படுத்துத் தூங்கும் சோம்பேறி என்று எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கோழிக்காலில் நிற்கும் குடிசை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குடிசை காட்டைப் பார்த்தபடி நிற்கும். வழிதப்பி வந்தவன் காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு என்பான். குடிசை திரும்பிவிடும்.

"சொன்னா திரும்பிருமா?"

"திரும்பும் அத்த. எல்லாக் கதைலயும் திரும்புது."

"நேர்த்தி கீர்த்தி ஒண்ணும் இல்லாமயா?"

"சொன்னாப் போதும்."

அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். எனக்கு அலுத்துவிட்டது.

ஆடியில் கரகம் பாலிக்க, அதாவது நீர்க்கரையில் கரகம் சோடித்து அம்மனை அதில் அழைக்க, கடற்கரைக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. முனிசிபாலிட்டி குழாயடியிலேயே பாலித்தார்கள். பாட்டு பழைய வரிகளோடு முடியப்போன நேரம், கூட்டத்தின் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"முதுகைக் கடலுக்குத் திருப்பு மாரியம்மா, உன்
முகத்தை எம்பக்கம் திருப்பு மாரியம்மா."

உடுக்கை நின்றுவிட்டது. மதுரைப் பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவர், அம்மனுக்கே ஆர்டர் போடுறாப்பல இருக்கே என்று முணுமுணுத்தார். பூசாரி அத்தை பக்கம் திரும்பினார்.

"சலேகா, இது செல்லும். பெத்தவளக் கேக்காம வேற யாரக் கேக்கிறது? இன்னொரு தடவ பாடு தாயீ."

அத்தை பாடினார். இந்த முறை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பக்கத்து லம்பா லைன் குடியிருப்பிலிருந்து வந்திருந்த பெங்காலிப் பெண்கள்கூடப் பொருள் தெரியாமலே கும்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது சாமி பாட்டில்லை, என் புத்தகத்தில் குடிசைக்குச் சொன்னது என்று பக்கத்திலிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னேன். அம்மா தொடையில் கிள்ளினாள். சிரித்த ஒரே ஆள் அத்தைதான். சிரித்துக்கொண்டே குனிந்து திருநீறு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

இன்று அந்தப் பாட்டை நான்தான் பாடுகிறேன். அந்த வரி வரும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை என் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதுதான். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய ஒருத்தி மறுபடி பேச்சைத் தொடங்க ஒரு சொல் வேண்டியிருக்கும் என்பதோ, அந்தச் சொல்லை எந்தப் பனிநாட்டிலிருந்தாவது அம்மனே அனுப்பிவைப்பாள் என்பதோ அந்த வயதில் எனக்குத் தெரியாது.