பெரட்டில் வாசித்த கடிதம்

இராசமணி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. 2003இல் மலையகத்தில் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆலோசனை ஆசிரியையாக வந்தார். பத்து நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், நூலக மூலையில் ஒரு மேசை. இவ்வளவை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் மனதைத் திறக்கச் சொன்னார்கள். அவரும் திறந்தார், அதில் குறை சொல்ல முடியாது.

ஐந்தாம் வகுப்பு லக்ஷிகா வாய் திறக்க மட்டும் இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். கரண்டிக் காம்பைக் காய்ச்சி மாமா வைத்தது. தாய்மாமனான அவர் அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தகப்பன் இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கொழுந்து எடுக்கப் போகும் அம்மா சரஸ்வதிக்கு எதுவும் தெரியாது.

பெற்றவள் அறியாமல் பிள்ளையை எப்படிக் காப்பது? டீச்சர் எல்லாவற்றையும் எழுதி, உறையை ஒட்டி, சரஸ்வதியின் பெயரையும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கத்தையும் போட்டுத் தபாலில் சேர்த்தார். அவருடைய ஊரில் தபால்காரர் படலையில் மணியடித்து உரியவர் கையில் கொடுப்பார். லயத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போகும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவரே உடைத்து வாசித்தும் காட்டுவார். சரஸ்வதிக்கு எழுத்துத் தெரியாது. இதையெல்லாம் டீச்சர் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

நான்கு நாள் லக்ஷிகா வரவில்லை. ஐந்தாம் நாள் வலது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். டீச்சர் துணியை அவிழ்த்தார். உள்ளங்கை முழுவதும் வெந்திருந்தது.

"எந்தக் கையால சட்டைய மடிச்சு டீச்சருக்குக் காட்டுனேன்னு மாமா கேட்டாரு."

"ஐயோ பிள்ளை, நான் அம்மாவுக்கு மட்டும்தானே எழுதினனான்" என்றார் டீச்சர்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பொலிசுக்கும் அங்கிருந்தே சொல்லியாயிற்று. அன்றைக்கே மாமாவைப் பிடித்தார்கள். பின்னேரம் சரஸ்வதி கொழுந்துக் கறை படிந்த கையோடு ஓடிவந்தாள். பிள்ளை அடுப்பில் கையை வைத்துவிட்டாள் என்று அண்ணன் சொன்னதை அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் கும்பிட்டாள்.

"புள்ள நல்லா படிக்குதுன்னு கடுதாசி போட்டிருந்தீங்களே டீச்சர். பெரட்டுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி அண்ணன் வாசிச்சாரு. எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு."

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாயால் சொன்னார். அதன்பிறகு பதினோரு வருடம் அதே பாடசாலையில் இருந்தார். எந்தத் தாய்க்கும் கடிதம் எழுதவில்லை. லயத்துக்கு நடந்தே போனார்.