வீங்காத சொட்டு

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், எழுதியதை மறந்து திரும்பவும் எழுதுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரெண்டு வருஷமாக எனக்குக் காணாக்கடி. திடீரென்று உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், கொஞ்ச நேரத்தில் சுவடில்லாமல் அடங்கிவிடும். மகன் ஷிப்ட் முடிந்து வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. "எதையாவது நெனைச்சிக்கிட்டே சொறியறம்மா" என்பான்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதற்கு ஒரு வாரம் அரிப்பு மாத்திரை தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகன் என்னை நம்ப ஒரு சாட்சி கிடைக்கட்டும் என்றுதான்.

நாலாம் நாள் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி வந்தாள். வடக்குத்து கிராமத்துப் பெண். முப்பது வருஷமாக எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான்.

"வயிறு உப்பிக்கினு கெடக்குன்னியேக்கா, இந்தா கேஸ் மாத்திர. தெனம் ஒண்ணு போடு."

மூன்று வெள்ளை மாத்திரை. போட்டேன். அரிப்பு அடங்கியது. மாரியம்மன்தான் இரக்கப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கு மகனோடு அவளும் துணைக்கு வந்தாள். டாக்டரம்மா முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார். கடைசிச் சொட்டு வெறும் ஹிஸ்டமின், அது யாருக்கும் வீங்கும் என்றார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதுகூட வீங்கவில்லை.

"அரிப்பு மாத்திரை போட்டீங்களா பாட்டி?"

"இல்லீங்க."

"போடாம இருந்தா இது வீங்கியிருக்கணுமே."

பிறகு விளக்கினார். உடம்பைக் காக்கும் அணுக்களில் சில ஹிஸ்டமினை வெளியே விடுமாம். அது போய் உட்கார மற்ற அணுக்களின் மேல் ஏற்பி என்று இடம் இருக்கிறதாம். உட்கார்ந்தால்தான் தடிப்பு. "ஷிப்ட் பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல? மாத்திரை அப்படி முன்னாடியே எடத்தப் புடிச்சிக்கும்." காவல் அணுக்கள் மேலேயும் ஏற்பி உண்டாம். வகை நாலாம். அரிப்பு மாத்திரை ஒரு வகையைத்தான் மறிக்குமாம்.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சோதனையில ஒண்ணுமில்லன்னு வந்துரும்னு பயந்து, அத கெடுக்கவே போட்டியாம்மா? டாக்டர்கிட்டயே பொய்யா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அவளை நிறுத்தி, அந்த வெள்ளை மாத்திரை என்ன மாத்திரை என்று கேட்டேன்.

"நீ துடிச்சிக்கினு கெடந்த, பாக்க முடியலக்கா. அரிப்பு மாத்திரன்னு சொன்னா முழுங்குவியா நீ?"

"அத அங்கயே சொல்றதுக்கென்ன?"

"அத்தினி பேரு முன்னாடியா? அப்புறம் ஒம் மவன் என்னை இந்த வூட்டுல சேப்பானா?"

மகனிடம் நானே சொன்னேன். அவன் அவளிடம் போய்க் கேட்டிருக்கிறான். "கேஸ் மாத்திரதாம்பா குடுத்தேன்" என்றிருக்கிறாள். திரும்பி வந்து, "இப்ப அத்தை மேல பழியா?" என்றான்.

மாத்திரை கொடுத்தது பாசத்தில்தான். அதை விட்டுவிடலாம். அவளுடைய ரெண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். என் பிள்ளையிடமே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, இன்றைக்கும் கறிவேப்பிலை கேட்டு வருகிறாள். நானும் கொடுக்கிறேன். பேச்சுதான் வரவில்லை.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபாருங்கள். ஏற்பி நாலு வகைதானா? கேஸ் மாத்திரை மூன்று போட்டால் அந்தக் கடைசிச் சொட்டு வீங்காமல் போகுமா? போகாது என்றால் என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.