கடலோரத் தியேட்டரில் டி-14

அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் போனது இரண்டு வருஷம் தாமதமாக.

அண்ணன் கலியபெருமாள் ஒரு கார்த்திகையில் தவறினார். மகன் செந்தில்தான் கலயத்தைக் கொண்டுபோனான். "கரைச்சாச்சும்மா" என்று அண்ணியிடம் சொன்னான். இந்த ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அப்பாவுக்குப் படையல் போட நாள் குறித்ததும் என்னிடம் வந்து அழுதான்.

"அத்தை, அன்னைக்கிப் புயல்னு கடற்கரைக்கே விடல. அங்க ஒரு தியேட்டர்ல கலயத்த வெச்சுட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் போலாம்னு இருந்தேன்."

"நூறு வாரம் ஆச்சேடா, பாவி!"

அண்ணிக்குத் தெரியாமல், படையலுக்கு முன்னால் கரைத்துவிடுவது என்று கிளம்பினோம்.

காலை 5.10க்குப் பெரம்பலூரில் வாடகைக் கார். அரியலூர், ஜெயங்கொண்டம், மயிலாடுதுறை வழியாக 128 கிலோமீட்டர். வண்டிக்கு 4,400, டிரைவரோடு மூன்று பேர் டிபன் 210. அரியலூர் தாண்டும்போது கல்லங்குறிச்சிப் பெருமாளை வண்டியிலிருந்தே கும்பிட்டேன். இந்தக் காரியத்துக்குப் போகையில் கோயிலில் இறங்கக் கூடாது இல்லையா. அண்ணனுக்கு அந்தச் சாமி பேர்தான். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று அண்ணி சாமியைக்கூட 'கல்லங்குறிச்சியார்' என்றுதான் சொல்வார்.

தியேட்டர் கடலிலிருந்து கூப்பிடு தூரம். படம் நின்று பல காலமாம். உப்புக்காற்றில் திரைச்சுவர் செங்கல் தெரிய உதிர்ந்திருக்கிறது. அஸ்தியோடு வருகிறவர்களை லாட்ஜில் சேர்ப்பதில்லை, இங்கே சேர்க்கிறார்கள். குடும்பத்துக்கு 200 ரூபாய். நாற்காலிகளை விற்றுவிட்டு, அவற்றின் நம்பர் தகடுகளைச் சுவரில் வரிசையாக அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே ஒரு கொக்கி. கொக்கியில் கலயம்.

செந்தில் நேராக டி-14க்குப் போனான். வெறும் கொக்கி.

தியேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "யாரு, டி-14ஆ? படம் ஓடுனப்ப கொடய மறந்துட்டுப் போனவன்கூட மறுநாளே வந்து கேப்பான் தம்பி. நீ அப்பாவ மறந்துட்டுப் போயிருக்க."

செந்தில் அந்த வெறும் கொக்கியைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த ஆடி வரைக்கும் பாப்பேன். யாரும் வரலன்னா ஆடி அமாவாசைக்கி நானே கரைச்சிடுவேன். போன வருசமே கரைச்சாச்சு."

"என்ன பேர் சொல்லிக் கரைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பேரு யாருக்கும்மா தெரியும்? தம்பி, நீ எழுதி வெச்சியா? 'டி-14, போய்ச் சேருப்பா'ன்னேன்."

எள்ளும் பூவும் 60 ரூபாய்க்கு வாங்கிக் கடலில் விட்டு, செந்திலை அப்பா பேரைச் சொல்லச் சொன்னேன். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

திரும்பும்போது மறைக்கத் தெம்பில்லை. ராத்திரி ஏழரைக்கு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நம்பரையும் சொன்னோம். அண்ணி அவனைத் திட்டவில்லை. வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்து நின்றார். "கலியபெருமாள்" என்றார். சத்தமாக. அப்புறம் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். மகனோடு இன்னும் பேசவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் கிடக்கிறது.

போகிறவர்களுக்கு: அங்கே தரை திரைப்பக்கம் சரிவு, மேட்டில் தலைவைத்துப் படுங்கள். மழை மாதங்களில் கடலுக்கு விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊர்ப் பேரைப் போடாததற்குக் காரணம் உண்டு. "எழுதாதம்மா, விட்டுட்டுப் போறவங்க இன்னும் கூடுவாங்க" என்றார் அந்த அம்மா. நான் பார்த்தபோதே பதினேழு தொங்கின. கலயத்தின் மேல் பேரைப் பெயின்ட்டில் எழுதுங்கள். காகிதம் அந்தக் காற்றுக்கு நிற்காது.