கண்ணாடி நொறுங்கியபோது எடுத்த படம்

சரவெடிப் புகையும் உப்புக்காற்றும் கலந்து தொண்டையில் கரிக்கும் வாசனை, தூத்துக்குடித் தெருக்களில் தேர்தல் ஊர்வலம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். என் அம்மா மில்லர்புரத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருந்தார். மாதா கோயில் தேர், கட்சி ஊர்வலம், வெற்றிக் கொண்டாட்டம் என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் கேமராவோடு நிற்பார். அப்பா துறைமுக வேலைக்குப் போன நாட்களில் நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு கட்சியினர் தங்கள் தலைவர் வருவதைப் படமெடுக்க அம்மாவை அழைத்திருந்தார்கள். நெரிசலில் சேலை என் கையிலிருந்து நழுவிவிட்டது. சுற்றிலும் வேட்டிகள் மட்டுமே தெரிய, அலறினேன். உப்பளத்து வேலை முடிந்து வந்த முத்துராஜ் என்ற இளைஞர், "ஏளா, அழாத. மேல இருந்து ஒங்கம்மாவத் தேடு" என்று என்னைத் தோளில் தூக்கி வைத்து, இரண்டு கணுக்கால்களையும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு கடைப் படிக்கட்டின் மேல் நின்ற அம்மாவைக் கண்டு நான் கையசைத்த நொடியில், எங்களுக்குப் பின்னால் தலைவருடைய வேனின் கண்ணாடி கல் பட்டு நொறுங்கியது. தலைவரை எடுக்கக் கேமராவை எங்கள் பக்கம் திருப்பியிருந்த அம்மாவின் விரல் அதே நொடியில் பட்டனை அழுத்திவிட்டது.

பிறகு ஓட்டமும் கூச்சலும்தான். என்னை அம்மாவிடம் சேர்த்துவிட்டு முத்துராஜ் திரும்புவதற்குள் கட்சி ஆட்கள் சூழ்ந்து, "இவந்தாம்ல எறிஞ்சான்" என்று அடித்துப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். அம்மா கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களை அம்மாவே "கழுவுவார்". பொழுது சாய்வதற்குள், நான் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் ஈரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் இரண்டு பேரோடு கடைக்குள் வந்தார்.

"யக்கா, அந்தப் பய தோள்ல ஒரு பிள்ள இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல சொல்லுதான். நாங்க சொல்லி எடுத்த படம்லா, பிலிம் ரோல தந்துருங்க."

"கழுவிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. இப்பம் கதவத் தொறந்தா ஒங்க தலைவரும் சேந்து கெட்டுப் போவாரு."

அவர் சிரிக்கவில்லை. "காலைல வாரேன். பொம்பளப் பிள்ள வச்சிருக்கீய, பாத்து நடந்துக்கிடுங்க."

அவர்கள் போனதும் இருட்டறைக்குள் வந்த அம்மாவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. படத்தில் கண்ணாடிச் சில்லுகள் காற்றில் நின்றன. முத்துராஜின் இரு கைகளும் என் கால்களில் இருந்தன. என் முகம் பளிச்சென்று தெரிந்தது. அந்த முகத்தருகே கத்தரி போய் நின்றது. "தலையில்லாத பிள்ளைய எவன் நம்புவான்" என்று தனக்குத்தானே சொல்லி, அம்மா அதைக் கீழே வைத்தார்.

"ஒன் மூஞ்சி தெரியும்ளா. பயமாருக்கா?"

"அந்த அண்ணன இன்னும் அடிப்பாவளாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அம்மா படத்தைத் தாளில் சுற்றினார். அப்பா வந்ததும் அவருடைய சைக்கிளில் மூவரும் பின்சந்து வழியாக ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு கையும் என் கால்லதான் சார் இருந்துச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். வெகுநேரம் காக்க வைத்துவிட்டு முத்துராஜை விட்டார்கள். முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. என்னிடம் குனிந்து, "பயந்துட்டியாளா?" என்றார்.

மறுநாள் வந்த செயலாளர் கடைக்குள் நுழையாமல், எதிரே நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தேர்தல் முடியும்வரை எந்தக் கட்சியும் அம்மாவை அழைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்பா கூடவே வந்தார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். யாரும் எதுவும் செய்யவில்லை. கல்லை எறிந்தது யார் என்றும் தெரியவில்லை. அடுத்த வருஷமே முத்துராஜ் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

இப்போது ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்குள் அதன் படம் ஊரெல்லாம் போய்விடுகிறது. அம்மாவின் நெகட்டிவ்கள் உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஸ்டேஷனில் கொடுத்த படம் திரும்பி வரவே இல்லை. தூக்கியபோது அழுத கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, தோளிலிருந்து முத்துராஜின் தலைமுடியைத்தான் பார்த்தேன், ஸ்டேஷனில் வீக்கத்தைத்தான் பார்த்தேன். அடிபடாத முத்துராஜின் முகம் அந்த ஒரு படத்தில் மட்டுமே இருந்தது.